அம்மம்மாவுக்கு உப்புத் தெரியாமற்போன மாதம்

மானிப்பாய்,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் நீ அழவில்லை என்றுதான் சொன்னாய். ஆனால் மூக்கை உறிஞ்சிய சத்தம் பேராதனை மருத்துவ பீடத்திலிருந்து இங்கே வரை கேட்டது. உடற்கூற்றுப் பாடம்தான் காரணம். "கை, கால், நெஞ்சு எல்லாம் ஒருவழியாக ஏறிவிட்டது அம்மா, மண்டைதான் மண்டைக்குள் நிற்கமாட்டேன் என்கிறது" என்றாய். அப்பா பக்கத்திலிருந்து சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தேழு வருடம் தாதியாக வாட்டில் நின்றும் உன் புத்தகத்திலுள்ள பெயர்களில் பாதி எனக்குத் தெரியாது. ஆகவே பாடம் சொல்லித்தர வரவில்லை. நான் கிட்ட நின்று பார்த்த இரண்டு தலைகளைப் பற்றி எழுதுகிறேன். உறுப்பைக் காட்டிப் பெயர் கேட்கும் ஸ்பொட் பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறதுதானே, இதற்குப் பத்து நிமிடம் கொடு.

முதல் தலை உனக்குத் தெரிந்தது. நீ ஆறாம் தரம் படித்தபோது ஒரு காலை அம்மம்மா வாய் கொப்பளிக்க, தண்ணீர் வலது கடைவாயால் ஒழுகியது. தேத்தண்ணீரும் அப்படியே. வலக்கண் மூடவில்லை. பாரிசவாதம் என்று அயலவர்கள் முடிவுகட்டி, ஆளுக்கொரு எண்ணெய்யோடு வந்துவிட்டார்கள். டொக்டர் செய்தது ஒன்றுதான்: "ஆச்சி, நெற்றியைச் சுருக்குங்கள்." இடப்பக்கம் கோடுகள் விழுந்தன. வலப்பக்கம் இஸ்திரி போட்ட சேலைபோல மழமழவென்று கிடந்தது. "மூளையில் பிழை இல்லை, நரம்பில்தான்" என்றார்.

ஏன் என்று நீயே சொல்லிவிடுவாய். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. மூளையின் ஒரு பக்கம் அடிபட்டால் வாய் கோணும், நெற்றி தப்பிவிடும். மூளையை விட்டுப் புறப்பட்ட முகநரம்பே வழியில் வீங்கி நெரிபட்டால் அந்தப் பக்கம் முழுவதும் விழுந்துவிடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. அந்த மாதம் முழுவதும் அம்மம்மாவுக்கு இரண்டு முறைப்பாடுகள். பீங்கான் கழுவும் சத்தம் வலக்காதுக்குள் ஊசிபோலக் குத்துகிறதாம். குழம்பில் உப்பே இல்லையாம். நானும் அப்பாவும் ருசி பார்த்தோம், உப்புச் சரியாக இருந்தது. வருத்தம் வந்தால் வயதானவர்களுக்கு எதிலும் குறைதான் என்று நினைத்துக்கொண்டேன். தாதியாக இருந்தும் அப்படி நினைத்தேன், பார்.

நாலைந்து வருடம் கழித்து, ஒரு டொக்டர் மாணவர்களைச் சுற்றி நிறுத்திப் பாடம் எடுத்தபோது, மருந்துத் தள்ளுவண்டியோடு நின்ற என் காதில் விழுந்தது. முகநரம்பு கேள்நரம்போடு சேர்ந்து, காதுப் பக்கத்துக் கடைநுதல் எலும்புக்குள் நுழைகிறது. உள்ளே ஒடுக்கமான எலும்புக் குழாய், வளைந்து வளைந்து போகிறது. போகிற வழியில் முதலில் நடுக்காதிலுள்ள மிகச் சிறிய தசை ஒன்றுக்கு ஒரு கிளை. பெருஞ்சத்தம் வந்தால் ஏந்தியுரு என்ற காதுக் குட்டி எலும்பை இழுத்துப் பிடித்து அடக்குவது அந்தத் தசை. அடுத்து, செவிப்பறையின் உட்பக்கமாகக் குறுக்கே ஓடி, நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்கு ருசி கொண்டுவரும் கிளை. அதற்குப் பிறகுதான் காதுச்சோணைக்குப் பின்னால் எலும்பைவிட்டு வெளியே வந்து, கன்னச் சுரப்பிக்குள் புகுந்து ஐந்தாகப் பிரிகிறது. வெளியே வந்த பின் நரம்பு கெட்டிருந்தால் முகம் மட்டும் கோணியிருக்கும். பீங்கானும் உப்பும் வழக்கம்போல இருந்திருக்கும். நெரிபட்டது எலும்புக்குள்தான், அதுவும் காதுத் தசைக்குக் கிளை பிரிவதற்கு முன்னால், என்று அம்மம்மா அடுப்படியில் இருந்தபடியே சொல்லியிருக்கிறார். கேட்க எங்களுக்குத்தான் காது இருக்கவில்லை.

இன்னும் ஒன்று. சோறு கன்னத்துக்குள் தங்கிப்போகும், விரலால் எடுத்துவிடுவார். ஆனால் சப்ப முடிந்தது, கன்னத்தில் நீர் வழிவதும் தெரிந்தது. மூளையிலிருந்து வரும் நரம்புகளில் சப்புவதும் தொட்டால் தெரிவதும் ஐந்தாம் நரம்பு, கன்னத்தை உள்ளே அழுத்திப் பிடிப்பது ஏழாவதான இந்த முகநரம்பு. வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் இரண்டையும் குழப்பாதே. கன்னச் சுரப்பிக்குள்ளால் போகிற ஏழாவது அந்தச் சுரப்பிக்கு ஒன்றும் கொடுப்பதில்லை, உமிழ்நீர் சுரக்கச் சொல்வது ஒன்பதாவது என்பதையும் கேட்பார்களாம். சத்திரசிகிச்சை வாட்டில் மாணவர்கள் மூலையில் நின்று அதைப் பாராமல் ஒப்பித்தது எனக்கே பாடமாகிவிட்டது.

இரண்டாவது தலை உனக்குத் தெரியாதது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பதின்மூன்று வயதுப் பையன், கிரிக்கெட் பந்து காதுக்கு மேலே சற்று முன்னால் பட்டுவிட்டது. ஒரு நிமிடம் மயங்கிக் கிடந்தானாம், பிறகு எழுந்து தன் காலாலேயே நடந்து வந்தான். வாங்கில் இருந்து தான் எத்தனை ஓட்டம் எடுத்தான் என்று எனக்குச் சொன்னான். பிஸ்கட் கேட்டான், கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. இரண்டு மணித்தியாலத்தில் தலையிடி என்றான், சத்தி எடுத்தான், பிறகு தூங்கிப்போனான். "களைத்துப்போனான், படுக்கட்டும்" என்றார் தாய். நான் போர்வையை இழுத்து அவன் கழுத்துவரை மூடிவிட்டேன்.

அந்தப் போர்வையை விலக்கியவர் பொறுப்புத் தாதி. இமையைத் தூக்கி டோர்ச் அடித்தார். ஒரு கண்மணி சுருங்கியது. மற்றது கோலிக்காய்போல விரிந்தபடியே நின்றது. எனக்கு ஏச்சு விழுந்தது மறுநாள்தான், அப்போது ஏச நேரம் இல்லை. அந்த ஊரில் ஸ்கான் கிடையாது. சத்திரசிகிச்சை நிபுணர் கையால் சுற்றும் துறப்பணத்தால் துளை போட்டார். அப்பாவின் தச்சுப்பட்டறையில் கேட்கிற அதே சத்தம். ஈரல்போல உறைந்த இரத்தம் வந்தது. பையன் பிழைத்தான்.

துளை போட்ட இடத்தை இப்போது உன் தலையில் தொட்டுப் பார். கன்ன எலும்பின் வளைவுக்கு மேலே இரண்டு விரல், கண்குழியின் வெளி ஓரத்துக்குப் பின்னால் ஒரு பெருவிரல். நுதல், சுவர், கடைநுதல், ஆப்புரு என்ற நாலு எலும்பும் சந்திக்கும் இடம். எலும்பு மிக மெல்லியது அங்கே. உங்கள் பீடத்து மண்டையோட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் ஒளி ஊடுருவும். உட்பக்கத்தில் நகத்தால் கீறியதுபோல ஒரு தவாளிப்பு இருக்கும், அதில்தான் மூளையுறைக்கு இரத்தம் கொடுக்கும் நடு நாடி ஓடுகிறது. பந்து பட்டு அவனுக்குக் கிழிந்தது அதுதான். அந்த நாடி மண்டைக்குள் நுழையும் ஓட்டைதான் நீ மூன்று நாளாக மனனம் செய்கிற 'ஸ்பினோசம்'. அதைப் பக்கத்திலுள்ள இரண்டு ஓட்டைகளோடு சேர்த்துப் பட்டியலாகப் படிக்காதே. அந்தப் பையனின் நாடி உள்ளே வந்த கதவு அது. கண்மணி விரிந்ததும் கண்ணில் வந்த பிழையல்ல. பெருகிய இரத்தம் மூளையைத் தள்ள, மூளை மூன்றாம் நரம்பை நெரித்தது. கண்மணியைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் வெளிப்புறத்தில் கிடப்பதால் முதல் அடி அவற்றுக்கு.

பெயர்களைப் பற்றியும் ஒன்று. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஒரே மாதத்தில் எல்லாம் ஆங்கிலம் என்றால் யாருக்கும் தலை சுற்றும். ஆனால் அந்தச் சொற்கள் ஆங்கிலமும் இல்லை, கிரேக்கமும் லத்தீனும். 'ஸ்பீனொயிட்' என்றால் ஆப்பு போன்றது, தமிழில் ஆப்புரு. 'எத்மொயிட்' என்றால் வடிகட்டி போன்றது, தமிழில் நெய்யரி. தமிழ்ப் பெயரே படம் கீறிக் காட்டுகிறது. 1847இல் இலங்கைக்கு வந்து நம்முடைய மானிப்பாயில் வைத்தியம் பார்த்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அங்கே மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். 1858இல் லண்டனில் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்துவிட்டது. கிரே அதைப் பார்க்கவில்லை, 1861இல் பெரியம்மை அவரை முப்பத்துநாலு வயதில் கொண்டுபோய்விட்டது. பரீட்சையைத் தமிழில் எழுது என்று நான் சொல்லவில்லை. இரவில் படுக்கும்போது ஒவ்வொரு எலும்பையும் எங்கள் பாஷையில் ஒருமுறை கூப்பிட்டுப் பார், அவ்வளவுதான்.

நாளைக்கு வரும் பஸ்ஸில் பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும் கொடுத்துவிடுகிறேன். அறைப் பிள்ளைகளுக்கும் கொடு.

கடிதத்தை முடிக்கும் முன் அம்மம்மாவிடம் ஒன்று கேட்டேன். முகநரம்பு இன்னும் மேலே கெட்டிருந்தால் அந்தக் கண்ணில் கண்ணீர் சுரப்பதும் குறையுமாம். "அந்த மாதம் அழுதபோது இரண்டு கண்ணிலும் கண்ணீர் வந்ததா?" என்றேன். "அழ எங்கே நேரம்? நீ வைத்த குழம்புக்கு உப்புப் போடவே நேரம் சரியாக இருந்தது" என்கிறார்.

அன்புடன்,
அம்மா