றிம்மின் முதுகையும் ஒருமுறை பாருங்கள்

திருகோணமலை டயர்க் கடை முதலாளிமாருக்கும் அலைன்மென்ட் பார்க்கும் மெக்கானிக் பாஸ்மாருக்கும்,

வணக்கம். நிலாவெளிக்கும் ஹபரணைக்கும் ஹயர் ஓடுகிறவன் நான். போன வருடம் என் விட்ஸ் காரின் 14 அங்குல றிம்மைக் கழற்றிவிட்டு 16 அங்குல அலோய் றிம் போட்டேன். ஆசைதான், வேறு காரணம் இல்லை. போட்ட கடையிலேயே அலைன்மென்ட்டும், அதாவது சில்லுகள் நிற்கும் கோணமும், பார்த்தார்கள். மூன்றே மாதத்தில் முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டன. வெளியே நின்று பார்த்தால் புது டயர் மாதிரித்தான் இருந்தது.

அப்புறம் இன்னொரு பாஸ் காரை ஜாக்கில் ஏற்றிச் சில்லை ஆட்டிக் காட்டினார். சில்லைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் புஷ், அதாவது ரப்பர் வளையம், தேய்ந்து போயிருந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சில்லு வெளிப்பக்கம் விரிந்தால், மெஷினில் நிறுத்திப் பிடித்த டோவால் (மேலிருந்து பார்த்தால் சில்லு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) என்ன பயன்? முதலில் புஷ்ஷையும், ஆர்மின் நுனியில் உள்ள உருண்டை மூட்டான போல் ஜொயின்ட்டையும் பாருங்கள். கணினித் திரை பிறகு.

புது றிம்மின் ஓஃப்செட் (றிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) பழையதைவிட 10 மில்லிமீற்றர் குறைவு. அதாவது ஒவ்வொரு சில்லும் 10 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கிறது. குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்குவது அதனால்தான். எந்த அலைன்மென்ட்டும் அந்த 10 மில்லிமீற்றரை உள்ளே இழுக்காது. இதை விற்கும்போதே சொல்லியிருக்கலாம். இலக்கம் றிம்மின் முதுகிலேயே அடித்திருக்கிறது. நடு ஓட்டையின் அளவையும் விற்கும்போதே பாருங்கள். விட்ஸின் ஹப், அதாவது றிம்மின் நடு ஓட்டை உட்காரும் குமிழ், 54.1 மில்லிமீற்றர். அலோயின் ஓட்டை பெரிதென்றால் இடையில் வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டியரிங் உதறலாம். அந்த உதறலுக்கும் அலைன்மென்ட் என்று காசு வாங்காதீர்கள்.

டோவை மில்லிமீற்றரில் பிடிக்கிற பழைய பாஸ்மாருக்கு ஒன்று. 14 அங்குல றிம்மில் பிடித்த அதே மில்லிமீற்றர், 16 அங்குலத்தில் சின்னக் கோணம். பாகையில் பாருங்கள். ஸ்டியரிங்கையும் சில்லையும் இணைக்கும் டை ரொட்டை ஒரு பக்கம் மட்டும் திருகி முடிக்கவும் வேண்டாம். என் ஸ்டியரிங் இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது.

கேம்பர், அதாவது முன்னிருந்து பார்த்தால் தெரியும் சில்லின் சாய்வு? பல சின்னக் கார்களின் முன்பக்கத்தில் அதைத் திருத்த வசதியே இல்லை. இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், கோபிக்க மாட்டோம். கேம்பர் போல்ட் போட்டுத் திருத்தினால், டோவைத் திரும்பவும் பாருங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான்: திருத்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள இலக்கங்கள் அச்சான தாள். சில கடைகளில் கேட்டால் "மெஷின் பிரின்ட் அடிக்காது" என்கிறார்கள். சரி, கையால் எழுதித் தாருங்கள். அடுத்த டயருக்கு வரும்போது அதையும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு வாடிக்கையாளன்