கடற்படை அதிகாரி சொன்னால் கப்பல் ஊழியர் கேட்டே ஆகவேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுக் கடலில் கடற்படைக்காரர்கள் சரக்குக் கப்பலில் ஏறிவிட்டால் அவர்கள் வைத்ததுதான் சட்டம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகள்கூட அப்படி நம்புவதுதான் என் கவலை.

முன்பு அதில் ஓரளவு உண்மை இருந்தது. 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டப்படி, வெளிநாட்டில் இருக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் தளபதியே 'கடற்படை நீதிமன்றம்' கூட்டலாம். மூன்றிலிருந்து ஐந்து பேர் உட்காருவார்கள், முடிந்தவரை அதில் ஒருவர் லெப்டினன்டுக்குக் குறையாத கடற்படை அதிகாரி. பிரிட்டிஷ் கப்பலில் வேலை பார்க்கும் மாலுமியின் சம்பளத்தைப் பிடிக்கலாம், வேலையிலிருந்து எடுக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். (மாலுமியும் அங்கே புகார் கொடுக்கலாம் என்பதையும் சொல்லவேண்டும்.)

இன்று நிலைமை வேறு. 1982ல் நம் சிங்கப்பூர்த் தூதர் டாமி கோ தலைமையில் நிறைவேறிய ஐநா கடல் சட்டம், எந்த நாட்டுக்கும் சேராத திறந்த கடலில் ஒரு கப்பல் அதன் கொடி நாட்டுக்கு, அதாவது அது பதிவான நாட்டுக்கு, மட்டுமே கட்டுப்பட்டது என்கிறது. கொள்ளை, அடிமை வாணிபம், கொடியே இல்லாத கப்பல் போன்ற சில சந்தேகங்கள் இருந்தால்தான் வேறு நாட்டுப் போர்க்கப்பல் ஏறிப் பார்க்கலாம், சந்தேகம் பொய்யானால் இழப்பீடு தரவேண்டும். ஒரு நாட்டின் கரையோரக் கடலுக்குள் போய்விட்டால் அந்த நாட்டுச் சட்டமும் வரும், அது வேறு கதை.

சட்டம் இருந்தும் என்ன நடக்கிறது? 2022 ஆகஸ்டில் 'ஹீரோயிக் இடுன்' எண்ணெய்க் கப்பல், நைஜீரியா பக்கம் இரவில் நெருங்கிய கடற்படைக் கப்பலைக் கொள்ளையர் என்று நினைத்து விலகி ஓடியது. சில நாளில் எக்குவட்டோரியல் கினி கடற்படை பிடித்தது, பிறகு நைஜீரியாவிடம் ஒப்படைத்தது. ஊழியர்கள் 26 பேர், அதில் 16 இந்தியர், 8 இலங்கையர். 2023 மே வரை வீடு திரும்ப முடியவில்லை! கொடி நாடான மார்ஷல் தீவுகள் ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம் வரை போனது.

அதனால்தான் கொடி முக்கியம். என் தம்பியின் ஒப்பந்தத்தில் கொடி நாட்டின் பெயர் இரண்டாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி. ஏஜென்ட் விரல் வைத்துக் காட்டியதெல்லாம் சம்பளத்தை மட்டும்தான். கப்பலேறப்போகும் பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் அந்த வரியைக் கேட்டுப் பாருங்கள். பிடித்து வைத்தால் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு, புரியாத மொழியில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நம் கடல்துறை, துறைமுக ஆணையம் இதையெல்லாம் தமிழிலும் ஒரு சிறு கையேடாகப் போட்டு, கப்பலேறும் முன்பே கையில் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

கப்பல் ஊழியர் ஒருவரின் அண்ணன்,
ஈசூன்