சிங்காரவேலர் மாளிகைக்கு வரும் பொதுமக்கள் அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்ள ஏற்பாடு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளர்,
திருவல்லிக்கேணி, சென்னை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை மாவட்டம்,
ம. சிங்காரவேலர் மாளிகை,
இராஜாஜி சாலை, சென்னை.

பொருள்: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுதாரர்கள் காத்திருக்கும் இடத்தில் ம. சிங்காரவேலரின் வாழ்க்கை வரலாற்றுப் பலகை அமைத்தல், 1923 மே நாள் கூட்டங்கள் நடந்த கடற்கரைப் பகுதிகளில் நினைவுக் குறிப்பு வைக்கப் பரிந்துரைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அச்சுக்கோப்பவராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். சில மாதங்களுக்கு முன் முதியோர் உதவித்தொகை தொடர்பாகத் தங்கள் அலுவலகத்திற்கு ஒரு திங்கள்கிழமை வந்து வரிசையில் காத்திருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த காசிமேட்டைச் சேர்ந்த மீனவப் பெண்மணி ஒருவர், தம் கையில் இருந்த மனுவின் முகவரியைப் படித்துவிட்டு, "ஐயா, இந்தச் சிங்காரவேலர்ங்கிறது யாருங்க, பழைய கலெக்டரா?" என்று என்னிடம் கேட்டார். நான் சொல்லத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே அவரை உள்ளே அழைத்துவிட்டார்கள். பாதியில் நின்றுபோன அந்தப் பதில்தான் இந்த மனுவை எழுத வைத்தது.

அந்த அம்மையாருக்குச் சொல்ல நினைத்ததில் முதன்மையானது, சிங்காரவேலர் அவருடைய சமுதாயத்திலேயே பிறந்தவர் என்பது. 1860 பிப்ரவரி 18 அன்று அயோத்தியாகுப்பத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த அவர், மாநிலக் கல்லூரியில் பயின்று, சட்டமும் படித்து, 1907 இல் உயர் நீதிமன்ற வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். கடற்கரைக் குப்பத்திலிருந்து ஒருவர் அக்காலத்தில் அந்த நிலைக்கு வருவது எவ்வளவு அரிது என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்படி வந்த இடத்தை அவர் 1921 இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது தாமாகவே விட்டுவிட்டார். வழக்கறிஞர் அங்கியைப் பொதுமக்கள் முன்னிலையில் எரித்து, இனி நீதிமன்றம் செல்வதில்லை என்று அறிவித்தபோது அவருக்கு வயது 61. பெரும்பாலோர் ஓய்வை எண்ணும் வயதில்தான் அவருடைய முழுநேர அரசியல் வாழ்க்கை தொடங்கியது.

1922 டிசம்பரில் கயாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் தொழிலாளர் தீர்மானத்தின் மேல் பேசிய அவர், தம்மைப் பொதுவுடைமையாளர் என்று வெளிப்படையாகவே அறிவித்துக்கொண்டார். அப்படிச் சொல்வதே சதி வழக்கிற்கு வழிவகுக்கக்கூடிய காலம் அது. அடுத்த ஆண்டு மே 1 அன்று, தொழிலாளர்க்கும் விவசாயிகளுக்குமாக 'லேபர் கிசான் கட்சி' என்னும் கட்சியைச் சென்னையில் தொடங்கினார். 'தொழிலாளன்' என்ற தமிழ் இதழும் ஆங்கில இதழ் ஒன்றும் அக்கட்சிக்காக அவரால் நடத்தப்பட்டன. அது சிறிய கட்சி. ஆட்சிக்கு வந்ததும் இல்லை, நெடுநாள் நிலைத்ததும் இல்லை. ஆனால் கட்சி தொடங்கிய அதே நாளில் உயர் நீதிமன்றத்திற்கு எதிரே இருந்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் அக்கட்சி நடத்திய இரண்டு கூட்டங்களே இந்தியாவில் கொண்டாடப்பட்ட முதல் மே நாளாக வரலாற்றில் பதிவாகியுள்ளன. மே நாளை விடுமுறை நாளாக அரசு அறிவிக்க வேண்டும் என்று அன்று அந்தச் சிறு கட்சி தீர்மானம் போட்டது. இன்றோ ஒவ்வோர் ஆண்டும் மே 1 அன்று தங்கள் அலுவலகமே மூடியிருக்கிறது. கட்சியின் அளவை வைத்துக் கோரிக்கையின் அளவைக் கணக்கிடக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அன்று கொடிக்குச் சிவப்புத் துணி கிடைக்காததால் தம் மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடியாக ஏற்றினார் என்று தொழிற்சங்கத்தார் வழிவழியாகச் சொல்வார்கள். நானும் இளவயதில் சங்க மேடைகளில் இதைக் கேட்டு உள்ளம் உருகியிருக்கிறேன். ஆயினும், நான் கேட்கும் பலகையில் எழுத்துச் சான்று உள்ள செய்திகள் மட்டுமே இடம்பெற வேண்டும் என்பதே என் விருப்பம். அரசு அலுவலகத்தில் எழுதி வைப்பதை மக்கள் ஆவணமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

1924 இல் பொதுவுடைமையாளர்கள் மீது ஆங்கிலேய அரசு தொடுத்த கான்பூர் சதி வழக்கில் முசாபர் அகமது, டாங்கே ஆகிய தலைவர்களுடன் சிங்காரவேலரின் பெயரும் சேர்க்கப்பட்டது. உடல்நலக் குறைவினால் அவர் மீதான நடவடிக்கை தொடரவில்லை. அந்த வழக்கிற்கு அஞ்சி ஒதுங்காமல், 1925 டிசம்பரில் அதே கான்பூர் நகரில் கூடிய முதல் பொதுவுடைமையாளர் மாநாட்டிற்குச் சென்று தலைமை ஏற்றார். சென்னை மாநகராட்சி மன்றத்திலும் உறுப்பினராக அவர் இருந்திருக்கிறார்.

இதுவரை சொன்னவை நூல்களில் ஓரளவு பேசப்படுபவை. என் மனத்தில் அதிகமாக நிற்பது 1928 ஆம் ஆண்டு. தென்னிந்திய ரயில்வே நிர்வாகம் நாகப்பட்டினம், போத்தனூர் பட்டறைகளின் வேலையைத் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைக்கு மாற்றி, ஆட்குறைப்பும் செய்ய முற்பட்டபோது, தொழிலாளர்கள் ஜூலை மாதத்தில் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 68 வயதான சிங்காரவேலர், வங்காளத்திலிருந்து வந்த முகுந்தலால் சர்க்காருடன் சேர்ந்து அந்தப் போராட்டத்தை வழிநடத்தினார். வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது, தலைவர்கள் மீது சதி வழக்குப் போடப்பட்டு, அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வயதில் பத்தாண்டு என்பது ஆயுள் தண்டனைக்குச் சமம். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு 1930 இல் வெளியே வந்தவர், வீட்டில் அமர்ந்துவிடவில்லை. பெரியாரின் 'குடி அரசு' இதழில் விஞ்ஞானம், பொருளாதாரம், மூடநம்பிக்கை எதிர்ப்பு என்று தொடர்ந்து எழுதினார். 1932 டிசம்பரில் ஈரோட்டில் சுயமரியாதை இயக்கத்தார் கூடி விவாதித்த சமதர்ம (சோசலிச) வேலைத்திட்டத்தில் அவருடைய பங்கு பெரிது. பின்னர் அரசின் அடக்குமுறையை முன்னிட்டுப் பெரியார் அத்திட்டத்தைத் தள்ளி வைத்தபோது அவரோடு வெளிப்படையாகவே கருத்து வேறுபட்ட சிங்காரவேலர், 1935 இல் 'புது உலகம்' என்ற இதழைத் தாமே தொடங்கினார்.

என் தொழில் சார்ந்த ஒன்றையும் இங்கே குறிப்பிட அனுமதிக்க வேண்டுகிறேன். 1945 இல், 85 வயதை எட்டியிருந்த நிலையில், அவர் சென்னை அச்சகத் தொழிலாளர்களின் மாநாட்டிற்கு வந்து பேசினார். அதற்கடுத்த ஆண்டு பிப்ரவரி 11 அன்று மறைந்தார். ஈய எழுத்துகளின் நடுவே வாழ்ந்த எங்கள் கூட்டத்தார் முன்பு அவர் நின்றார் என்பதை, நான் தொழில் பழகிய நாளில் மூத்த அச்சுக்கோப்பவர்கள் தங்கள் குடும்பச் செய்தியைப் போலச் சொல்வார்கள்.

இத்தகையவரின் பெயரைச் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கு அரசு சூட்டியிருப்பது மிகப் பொருத்தமானது. அதற்கு நன்றி தெரிவிப்பதும் என் கடமை. ஏழைகள் தங்கள் குறையை எழுதி எடுத்துக்கொண்டு வரும் கட்டடத்திற்கு, ஏழைகளின் குறையை எடுத்துச் சொன்னதற்காகச் சிறை சென்றவரின் பெயர் இருக்கிறது. ஆனால் பெயரைப் படிக்கிற அனைவருக்கும் அந்த வாழ்க்கை தெரிந்திருக்கும் என்று எண்ண இயலவில்லை என்பதைக் காசிமேட்டுப் பெண்மணியின் கேள்வி எனக்கு உணர்த்தியது.

ஆகவே, மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுதாரர்கள் அமரும் பகுதியின் சுவரில், நாற்காலியில் இருந்தபடியே முதியவர்களும் படிக்கத்தக்க பெரிய தமிழ் எழுத்துகளில், சிங்காரவேலரின் வாழ்க்கைக் குறிப்பை ஒளிப்படத்துடன் நிலையான பலகையாக அமைக்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் உதவியைப் பெற்று ஆண்டுகளும் நிகழ்வுகளும் சரிபார்க்கப்படுமானால், பின்னாளில் திருத்த வேண்டிய தேவை இராது. மேலும், உயர் நீதிமன்றத்திற்கு எதிரே 1923 ஆம் ஆண்டுக் கூட்டம் நடந்த பகுதி தங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. அங்கும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் மே நாள் கூட்டத்தைக் குறிக்கும் ஒரு சிறு கல்வெட்டு வைக்கப் பெருநகர சென்னை மாநகராட்சிக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். இடத்தைத் துல்லியமாக உறுதி செய்வது கடினமாக இருப்பின், 'இப்பகுதியில்' என்ற சொல்லே போதுமானது. அக்கூட்டங்களுக்கு 2023 இல் நூறு ஆண்டுகள் நிறைந்துவிட்டமையால் இதை மேலும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டுகிறேன்.

கல்வெட்டுக்கு மற்றத் துறைகளின் ஒப்புதல் தேவைப்பட்டுக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். அதற்காகக் காத்திராமல் அலுவலகப் பலகையை வருகின்ற பிப்ரவரி 18, அவருடைய பிறந்த நாளுக்குள் அமைத்துவிட இயலும் என்று நம்புகிறேன். பலகைக்கான வாசகத்தின் வரைவு ஒன்றை நானே எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். அதில் குறையிருப்பின் திருத்தியோ முழுவதும் மாற்றியோ பயன்படுத்திக்கொள்ளலாம். மெய்ப்புப் பார்க்க ஆள் தேவைப்பட்டால், நாற்பது ஆண்டுகள் அதே வேலையின் பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில், ஊதியம் ஏதுமின்றி வந்து செய்து கொடுக்கக் காத்திருக்கிறேன்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்

இணைப்பு: பலகை வாசகத்தின் வரைவு – 2 பக்கங்கள்.