புள்ளிகளைப் பார்த்துக் கிளை நூலகத்தை மூடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நகர நூலகக் கிளைகளுக்கு யார், எங்கிருந்து வருகிறார்கள் என்பதைக் கைபேசி இருப்பிடத் தரவிலிருந்து தெரிந்துகொள்ளலாம், ஆள் வராத கிளைகளைப் பக்கத்துக் கிளையோடு சேர்த்துவிடலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். இருப்பிடத் தரவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் காலத்தில் இது கைக்குக் கிடைக்காமல் போனதே என்ற ஆதங்கம்கூட எனக்கு உண்டு. எந்தத் தரவை எடுப்பது என்பதில்தான் எனக்குச் சண்டை.

நான் கடைசியாக வேலை பார்த்த கிளை ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. மேலே உடற்பயிற்சிக் கூடம், வாசலை ஒட்டிப் பேருந்து நிறுத்தம். கைபேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் வரை சரியாகக் காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் பிழை கூடும். எந்த மாடியில் ஆள் இருக்கிறார் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. ஆக, மேலே ஒரு மணி நேரம் எடை தூக்கியவரும் கீழே ஒரு மணி நேரம் படித்தவரும் வரைபடத்தில் ஒரே இடத்துப் புள்ளிகள். ஐந்து நிமிடம் நின்றாலே வருகை என்று கணக்கு வைத்தால், பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் எங்கள் வாசகர்கள் ஆகிவிடுவார்கள். மேலதிகாரிகளுக்கு ஒரே சந்தோஷமாக இருந்திருக்கும்.

கணக்கில் விட்டுப்போகிறவர்கள் கதை இதைவிட மோசம். இந்தத் தரவு பெரும்பாலும் இருப்பிட அனுமதி பெற்ற செயலிகளிலிருந்து திரட்டி விற்கப்படுவது. ஒரு பகுதிப் பேரின் நடமாட்டத்தை வைத்து முழு ஊரையும் கணிக்கிறார்கள். விடுமுறை நாளில் சிறுவர் பகுதியில் தரையில் படுத்துப் படம் பார்க்கும் பிள்ளையிடம் ஏது கைபேசி? காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து நின்று, நாளிதழின் முதல் பக்கத்துக்குப் போட்டி போடும் பெரியவர் வைத்திருப்பது பட்டன் போன். வீட்டில் உள்ள எல்லாருடைய அட்டையையும் எடுத்துக்கொண்டு ஒரே ஆளாக வந்து பை நிறையப் புத்தகம் வாங்கிப்போகும் அம்மா அதிகபட்சம் ஒரு புள்ளி. நூலகத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லாதவர்கள்தான் இந்தக் கணக்கில் குறைவாக விழுகிறார்கள். அந்தக் கணக்கை வைத்து எந்தக் கிளையை மூடுவது என்று முடிவெடுக்கலாமா?

சரி, வேறு என்ன தரவு இருக்கிறது என்று கேட்பீர்கள். உறுப்பினர் பதிவேட்டில் ஒவ்வொருவர் முகவரியும் இருக்கிறதே! அதைத் தெருவாரியாக வரைபடத்தில் போட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். எங்கள் கிளையில் ஒரு சமயம் புதுப்பிக்காத அட்டைகள் திடீரென்று கூடின. வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதச் சொன்னார்கள். நான் அந்த அட்டைகளின் முகவரிகளைத் தெருவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்கள். ரயில்வே கேட்டை மூடிவிட்டு, படி ஏறி இறங்கும் நடைமேம்பாலம் கட்டியிருந்தார்கள். முட்டி வலிக்காரரும் இடுப்பில் குழந்தையோடு வருபவரும் அந்தப் படியில் எப்படி ஏறுவார்கள்? வரைபடத்தில் கிளையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் அந்தத் தெருக்கள் இன்றும் வட்டத்துக்குள்தான் இருக்கும்.

நேர்கோட்டுத் தூரத்தை நம்பக்கூடாது என்பது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருவில் இருந்த அடிகுழாய்தான் காரணம் என்று காட்ட, எந்த இடம் வரைக்கும் அந்தக் குழாய்க்கு நடந்து போவது மற்றக் குழாய்களுக்குப் போவதைவிடக் கிட்டம் என்று கோடு போட்டுப் பார்த்தார். தெருக்களின் வழியாக நடக்கும் தூரம் அது. அப்புறம், கணக்குக்கு ஒத்துவராதவர்களை அவர் ஒதுக்கிவிடவில்லை, தேடிப் போய் விசாரித்தார். வெகுதொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் இறந்த ஒரு பெண்மணிக்கு அந்தக் குழாய்த் தண்ணீரின் ருசி பிடிக்கும் என்று வண்டியில் தினமும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்கள். அதே தெருவில் இருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்கள் அந்தத் தண்ணீரைத் தொடாததால் தப்பித்தார்கள்.

நூலகத்திலும் இதே சங்கதிதான். வீட்டுக்குப் பக்கத்துக் கிளையை விட்டுவிட்டு அலுவலகம் பக்கத்துக் கிளைக்குப் போகிறவர் உண்டு, பிள்ளையின் பள்ளிக்கு எதிரில் இருக்கும் கிளைக்குப் போகிறவர் உண்டு. ஒரு கிளையில் எடுத்த புத்தகத்தை இன்னொரு கிளையில் திருப்பித் தர அனுமதித்த இடங்களில், எந்தக் கிளைக்கும் எந்தக் கிளைக்கும் போக்குவரத்து இருக்கிறது என்பது வழங்கல் பதிவிலேயே இருக்கிறது. ஒன்றை மூடினால் அதன் வாசகர்கள் எங்கே போவார்கள் என்று ஊகிக்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல், நூலகங்களுக்குத் தாம் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவதாகச் சொன்னார். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து நடந்து வரும் நேரத்தையும் சேர்த்துத்தான் நான் எண்ணுவேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தன் மகள் என்ன புத்தகம் எடுத்தாள் என்று ஒரு தகப்பனார் என் மேசை முன் நின்று சத்தம் போட்டிருக்கிறார். நான் சொல்லவில்லை. அப்படிக் காத்த இடத்துக்கு வந்துபோகிறவர்களின் நடமாட்டத்தைக் காசு கொடுத்து வாங்கலாமா? பெயரை நீக்கிவிட்டோம் என்பார்கள். 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசி நடமாட்டத்தை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், எந்த நேரத்தில் எந்த இடம் என்று நான்கே தகவல் இருந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தது. வீடு, வேலை, நூலகம் என்று மூன்றை நாமே கொடுத்துவிடுகிறோம். எங்கள் பதிவேட்டைப் பயன்படுத்தினாலும் இந்தக் கவனம் வேண்டும்தான்: புத்தகப் பெயர் வெளியே போகக் கூடாது, தெருவுக்கு மேல் நுணுக்கம் வேண்டாம், ஓரிருவர் மட்டும் உள்ள தெருவைப் பக்கத்துத் தெருவோடு சேர்த்துவிட வேண்டும்.

இதில் கஷ்டமான வேலை ஒன்று உண்டு, அதைக் கட்டுரை சொல்லவில்லை. பதிவேட்டில் ஒரே தெருவை ஐந்து விதமாக எழுதி வைத்திருப்போம். ஒருவர் பழைய பெயர், ஒருவர் புதுப் பெயர், ஒருவர் 'தண்ணீர்த் தொட்டி எதிரில்'. எந்த மென்பொருளும் தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடிக்காது. அந்த வட்டாரம் தெரிந்த ஊழியர் ஒருவர் உட்கார்ந்து சீராக்க வேண்டும். செயலி நிறுவனத்துக்குப் பணம் கட்டும் முன், கிளைக்கு ஒருவரை இந்த வேலைக்கு ஒதுக்கட்டும். முதலில் புதுப்பிக்காமல் விட்ட அட்டைகளிலிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர் ஒருவர்