வகுப்பாசிரியர் கைக்கு வராத திட்டம்: மாநிலத் திட்ட இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் மாநிலத் திட்ட இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். வட்டார வள மையங்களிலிருந்து பள்ளிகளுக்குப் போய்வரும் சிறப்புப் பயிற்றுநர்கள் எழுதுகிறோம். சிறப்புத் தேவையுள்ள ஒவ்வொரு மாணவருக்கும், எதை எப்போதுக்குள் கற்க வேண்டும் என்ற இலக்குகளோடு எழுதப்படும் தனிநபர் கல்வித் திட்டம் பெரும்பாலும் எங்கள் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. நாங்கள் அந்தப் பள்ளியில் இருப்பது சில மணி நேரம். மீதி நேரமெல்லாம் குழந்தையோடு இருப்பவர் வகுப்பாசிரியர். அவர் கையில் அந்தத் திட்டம் இல்லை.

முதல் கோளாறு, இலக்கை எழுதும் விதம். 'கணிதத்தில் முன்னேற்றம் அடைவார்' என்று எழுதினால் எதை அளப்பது? 'ஐஸ்குச்சிகளைத் தொட்டு எண்ணி, 10 வரை கேட்ட எண்ணிக்கையை, பத்து முறை கேட்டால் எட்டு முறையாவது சரியாக எடுத்துத் தருவார். ஆறு வாரம்' என்று எழுதினால் யாரும் சோதித்துப் பார்க்கலாம். எவ்வளவு உதவியோடு செய்கிறார் என்பதும் வேண்டும்: கைபிடித்தா, சைகை காட்டியா, சொல்லி நினைவூட்டியா, தானாகவா. இதைக் குறிக்காவிட்டால், கைபிடித்துச் செய்ததிலிருந்து சைகைக்கு வந்த குழந்தையையும் 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதிவிடுவார்கள். எத்தனை மாத உழைப்பு அது!

மருத்துவச் சான்றிதழில் உள்ள மாற்றுத்திறன் சதவீதத்தைப் பார்த்து இலக்கு எழுதுவது அடுத்த தவறு. ஒரே 60 சதவீதம் உள்ள இருவரில் ஒருவர் பேருந்து எண் படிப்பார், இன்னொருவருக்குத் தன் பெயரே அடையாளம் தெரியாது. குழந்தை இப்போது எதைச் செய்யும் என்ற தொடக்கநிலையை அறிய, மூன்று வெவ்வேறு நாள்களில் அரைமணி நேரமாவது அதனுடன் இருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு காலைப்பொழுதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சியைவிட உட்காரும் விதமே முதலில் வர வேண்டும். பாதம் தரையிலோ பலகையிலோ படிய வேண்டும். இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில், மேசை முழங்கை உயரத்தில். கால் தொங்கினால் விழாமல் இருப்பதற்கே உடலின் முயற்சியெல்லாம் போய்விடும், பென்சில் பிடிக்கக் கை விடுபடாது. இது இயன்முறை மருத்துவரின் குறிப்பில் இருக்கும், திட்டத்தில் இருக்காது.

நேரக் கணக்கையும் பாருங்கள். மதிப்பீட்டுக்கு ஒன்றரை மணி, பெற்றோருடன் பேச ஒரு மணி, எழுத ஒன்றரை மணி: ஒரு குழந்தைக்கு 4 மணி நேரம். ஒரு பயிற்றுநருக்கு 40 குழந்தைகள் என்றால் 160 மணி நேரம், பயணம் தனி. அதையும் சில நாள்களில் முடிக்கச் சொன்னால் பழைய திட்டத்தில் பெயரை மாற்றுவதுதான் நடக்கும். தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கும் மேல்வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்ன விகிதத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. அதற்கு மதிப்பீட்டுக்கென ஆறு வார அவகாசம் தாருங்கள். ஒரு மாணவருக்கு மூன்று இலக்குகளுக்கு மேல் கேட்காதீர்கள். அவற்றை ஒரே பக்கத்தில், வகுப்பாசிரியரும் பெற்றோரும் படித்துக் கையெழுத்திடும்படி ஆக்குங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்துப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும்போது, மாற்றுச் சான்றிதழோடு அந்தப் பக்கமும் கட்டாயம் போக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிறப்புப் பயிற்றுநர்கள்