கைதட்ட ஆள் உண்டு, பூத்தில் உட்கார?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் அட்டைப்படக் கட்டுரையில், 'தமிழ்நாட்டில் முகம் தெரிந்தால் போதும், கோட்டைக் கதவு தானாகத் திறக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். திருவையாற்றுக்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள். 1989-ல் சிவாஜி கணேசனே அங்கே தோற்றார். அவரைவிடத் தெரிந்த முகம் எதுவென்று கட்டுரையாளர் சொன்னால் தேவலை.

எம்.ஜி.ஆரை இழுக்காமல் உங்களுக்குத் தேர்தல் இதழ் ஓடாது. 1972-ல் கட்சி தொடங்கியபோது அவர் வெறும் நடிகரா? தி.மு.க.வின் பொருளாளர், எம்.எல்.ஏ. ஊர் ஊருக்கு ரசிகர் மன்றம் இருந்தது. பலகையை மாற்றியதும் அதுவே கிளைக் கழகம். ஏழே மாதத்தில் திண்டுக்கல் இடைத்தேர்தலை ஜெயித்தது அந்தக் கட்டமைப்பு. விஜயகாந்த் 2006-ல் தனித்து நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியும் கிடைத்தது விருத்தாசலம் ஒன்றுதான். 2011-ல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 தொகுதி. 2016-ல் உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போயிற்று. மூன்று முறையும் முகம் அதேதான்!

பூத் என்றால் என்னவென்று உங்கள் செய்தியாளருக்குத் தெரியாதிருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். வேட்பாளரோ அவருடைய தலைமை ஏஜென்டோ கையெழுத்திட்ட நியமனக் கடிதமான படிவம் 10 இல்லாமல் பூத் ஏஜென்ட் உள்ளே உட்கார முடியாது. வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு போட்டு, எண்ணிப் பார்த்து, அழித்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் இயந்திரத்தின் பெட்டியிலிருந்து அந்தச் சீட்டுகளை எடுத்துவிட்டார்களா என்றும் பார்க்க வேண்டும். பிறகு வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு வைக்கும் பச்சைத் தாள் முத்திரையில் கையெழுத்து. மன்றத்துத் தம்பிகள் விடிய விடிய பேனர் கட்டிவிட்டு ஏழரைக்கு வந்து நிற்பார்கள். மதியம் சாப்பிடப் போனால் மாற்று ஆள் கிடையாது. மாலையில், பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு இருக்கும் படிவம் 17சி-யின் நகலை வாங்காமலே கிளம்பிவிடுவார்கள். எண்ணும் நாளில் இயந்திர எண்ணையும் மொத்த ஓட்டையும் எதை வைத்து ஒப்பிடுவது? தலைவர் படத்தை வைத்தா?

இதைப் பற்றி முன்பே எழுதினேன். 'தங்கள் இதழ் அருமை' என்ற முதல் வரியை மட்டும் வெட்டி வாசகர் பாராட்டில் போட்டீர்கள். மிக்க நன்றி. மாநாட்டுக்கு மாநாடு 'மக்கள் வெள்ளம்' என்று இரண்டு பக்கப் படம் வேறு. அதில் நிற்கிறவருக்கு எந்தத் தொகுதியில் ஓட்டு, ஓட்டு வயசு வந்துவிட்டதா என்று யாராவது கேட்டதுண்டா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி கூட்டப் படம் போடும்போது, அந்தக் கட்சிக்கு எத்தனை பூத்தில் ஏஜென்ட் இருக்கிறார்கள் என்று விசாரித்துப் படத்தின் கீழே ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் பூத் ஏஜென்ட்,
கும்பகோணம்