அந்தப் படிகளை எண்ணிவிட்டு எழுது

அன்பு மகளே,

வெனிஸிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. தண்ணீர் வாசலைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த வீட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், சுவரின் அடியில் பாசி ஏறிய வெள்ளைக் கல் வரிசை ஒன்று தெரிகிறதே, அதைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ சின்னவளாக இருந்தபோது உலகப் படத்தை விரித்துப்போட்டு ஊர்ப்பேர் சொல்வேன், நீ பட்டென்று பதில் சொல்வாய். வெனிஸ்? கால்வாய். பாரிஸ்? ஈபிள் கோபுரம். இஸ்தான்புல்? இரண்டு கண்டம். ஒன்றைக்கூடத் தப்பவிட மாட்டாய், எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் ஏன் அப்படி என்ற அடுத்த கேள்வியை நான் உன்னிடம் கேட்கவே இல்லை. அது ரொம்ப நாளாக மனதை உறுத்துகிறது.

அந்த வெள்ளைக் கல் அட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையில் உள்ள இஸ்திரியாவிலிருந்து படகில் வந்தது. உப்புத் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது, அதனால் செங்கல் சுவருக்கு அடியில் அதை வைத்தார்கள். அதற்குக் கீழே பலகை, பலகைக்கும் கீழே சேற்றில் நெருக்கமாக அடித்து இறக்கிய மரக்கம்புகள். சலூத்தே தேவாலயத்துக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் இறக்கினார்கள் என்பார்கள். மரம் மக்கிப்போகாதா என்று கேட்பாய். மக்க வைக்கும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும், அந்தச் சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் நூற்றாண்டுக் கணக்கில் தாங்குகிறது. கால்வாயைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், ஊரைச் சுமப்பது கண்ணுக்குத் தெரியாத அந்தக் காடு.

ஈபிள் கோபுரம் இன்னும் நிற்பதற்கும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு காரணம் உண்டு. 1889 கண்காட்சிக்காகக் கட்டினார்கள், 20 வருடம் நிற்கத்தான் அனுமதி. அப்புறம் கம்பியில்லாத் தந்திக்கு அந்த உயரம் பயன்பட்டது, தப்பித்தது.

அடுத்து மெக்சிகோ நகரம் போகிறாய் என்றாயே, அங்கே ஒன்று கட்டாயம் பார். அஸ்டெக் மக்கள் டெஸ்கோகோ ஏரியின் நடுத்தீவில் டெனோச்டிட்லான் என்ற தலைநகரைக் கட்டினார்கள், 1521-ல் ஸ்பானியர்கள் அதைப் பிடித்தார்கள், பிற்பாடு ஏரியையே வடித்துவிட்டார்கள். இன்றைய நகரம் அந்த ஏரிக் களிமண்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. குடிக்க, குளிக்க என்று அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, களிமண் அழுந்தி ஊர் இறங்கிக்கொண்டே போகிறது. ரெஃபோர்மா சாலையில் சுதந்திர தேவதைத் தூண் இருக்கிறது, 1910-ல் திறந்தது. அதன் அடித்தளம் ஆழமாகப் போனதால் தூண் அப்படியே நிற்கிறது, சுற்றியுள்ள தரை இறங்கிவிட்டது, எட்டுவதற்காக இதுவரை 14 படிகளைக் கூடுதலாகக் கட்டியிருக்கிறார்கள். படிக்கட்டு வைத்து ஒரு ஊர் தன் இறக்கத்தை அளந்துகொள்வது எனக்கு எத்தனை தடவை யோசித்தாலும் வலிக்கிறது.

அங்கே போனால் கீழிருந்து 14 எண்ணு. ஏற விட்டால் ஏறு, விடாவிட்டால் தரையில் நின்றபடியே, திறந்த நாளில் தரை எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று பார். உன் தோளுக்கு மேலேயா, தலைக்கு மேலேயா? அதை மட்டும் எனக்கு எழுது.

அப்பா